புதன்கிழமைக் காய்ச்சல்

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையான பெரிய மிஸ் என் லீவுக் கடிதங்களை மேஜைமேல் ஒவ்வொன்றாகப் போட்டார். சீட்டாட்டத்தில் ஜெயிக்கப்போகிறவர் கடைசிச் சீட்டுகளைப் போடுவாரே, அந்த நிதானம்.

“இது போன வாரம். காய்ச்சல். இது அதுக்கு முந்தின வாரம். வயித்துவலி. இதுல மாமா தவறிட்டார். இது ஆடி மாசத்துது. இதுலயும் மாமா தவறிட்டார். உங்களுக்கு எத்தன மாமாம்மா?”

“மூணு பேருங்க மிஸ்” என்றேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு மாமா. காவேரிப்பட்டணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அங்கே நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் யாருக்காவது பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்திருப்பார்.

“அதாவது போகட்டும். எல்லாம் ஒரே கிழமையா இருக்கே! உங்க பொண்ணுக்கு வர்ற காய்ச்சல் காலண்டரப் பார்த்துட்டுத்தான் வருமா?”

பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் சிரித்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. என் மகள் ஜெசிந்தா அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த அறையின் அரைக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கதவுக்குக் கீழே அவளுடைய வெள்ளை சாக்ஸும் கறுப்பு ஷூவும் தெரிந்தன. ஒரு ஷூ இன்னொரு ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“ஆண்டு விழாவுல இருந்து அவ பேர எடுத்தாச்சு” என்றார் பெரிய மிஸ். “அடிக்கடி லீவு போடற பிள்ளைங்கள மேடை ஏத்தறதில்ல. ரூல்ஸ்.”

வெளியே ஷூ தேய்ப்பது நின்றது.

இது நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வயதானால் கோபம் தானாக ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு என் வயது ஆகட்டும், அப்புறம் பேசலாம்.

ஞாயிறு போய்ப் புதன் வந்தது

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், “உங்கள் கணவரைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறீர்கள், சண்டையா?” என்று கேட்டு எழுதியிருந்தார். சண்டை எதுவும் இல்லை அம்மா. மனிதர் வீட்டில் இருந்ததே குறைவு. இருந்திருந்தால்தானே எழுதுவதற்கு.

நாங்கள் கிருஷ்ணகிரியில் இருந்தோம். அவருக்கு வேலை ஓசூரில். எண்பதுகளின் நடுவாக இருக்கும். ஓசூரில் ஒரு கம்பெனி மாற்றி ஒரு கம்பெனி வந்துகொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்க, அங்கே வாடகை எகிறிவிட்டது. கிருஷ்ணகிரியில் என் அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீடு இருந்தது. அதனால் நாங்கள் இங்கே, அவர் பகலெல்லாம் அங்கே.

விடியற்காலை நாலரைக்கு ரவுண்டானா பக்கம் கம்பெனி பஸ் வரும். பிள்ளைகள் தூங்கும்போது கிளம்புவார். ஓவர்டைம் முடித்துத் திரும்பும்போதும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நிரந்தரம் ஆகாத ஆள் ஒருமுறை வேண்டாம் என்றால் சூப்பர்வைசர் மறுபடி கேட்க மாட்டார். அதற்கு அடுத்த மாதம் கம்பெனி கேட்டுக்கு உள்ளேயே விட மாட்டார்கள். அவர் நாலு வருடமாக நிரந்தரம் ஆகாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். கரன்ட் பற்றாக்குறை. எல்லாக் கம்பெனியும் சேர்ந்து ஓடினால் தாங்காது, எல்லாம் சேர்ந்து மூடினாலும் பிரயோஜனமில்லை என்று வார விடுமுறையை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு கம்பெனிக்குத் திங்கள், ஒன்றுக்கு வெள்ளி. என் கணவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் புதன்.

பிள்ளைகளுக்கு லீவு ஞாயிறு. அப்பாவுக்கு லீவு புதன். இதைப் போட்டவருக்குப் பிள்ளை குட்டி இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. இருந்திருக்கும். அவருடைய ஆபீசுக்கு ஞாயிறுதான் லீவாக இருந்திருக்கும்.

ஒருநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது பங்குச் சாமியார் என்னை நிறுத்தி, “ஆரோக்கியசாமி ஏன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர்றதில்ல?” என்று கேட்டார். “அவருக்கு ஞாயித்துக்கிழம புதன்கிழமதான் வருது சாமி. அன்னிக்கு ஒரு பூச வையுங்க, கையோட கூட்டிட்டு வர்றன்” என்றேன். அதற்கப்புறம் சாமியார் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக் காலண்டர்

அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே புதன்கிழமைக்கு நகர்ந்தது. ஜெசிந்தாவின் பிறந்தநாள் எந்தக் கிழமை வந்தாலும் அடுத்த புதன்கிழமைதான் கேசரி. பொங்கல் முடிந்து கரும்பெல்லாம் காய்ந்தபிறகு எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கும். ஈஸ்டர் பிரியாணியும் புதனுக்குப் போகும்.

வருடத்துக்கு ஒருமுறை சாம்பல் புதன் வரும். கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, கறி தொடாமல் ஒருசந்தி விரதம் இருக்கும் நாள். அன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசம் தெருவுக்குப் போகும். கோயிலுக்குப் போய்வரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். போகட்டும். சாம்பல் பூசிய நெற்றியோடு ஆட்டுக்கறி வதக்கியதற்குக் கடவுள் என்னிடம் கணக்குக் கேட்டால், நானும் கேட்பதற்குச் சிலது வைத்திருக்கிறேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குச் சாமல்பட்டியிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு பஸ் ஏறி வந்திருந்தார். போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய்க் குடும்பப் படம் எடுத்தோம். என் கணவருக்கு லீவு இல்லை. ஸ்டூடியோக்காரர், “ஊட்டுக்காரரு வரலீங்களா? நடுவுல எடம் உட்டு எடுக்கட்டுமா, அப்புறமா ஒட்டிக்கலாம்?” என்று கேட்டார். நாத்தனார் அதைக் கேட்டு அழுதுவிட்டார். அவருக்குத் தம்பி மேல் உயிர். எனக்கு அழுகை வரவில்லை. இடமெல்லாம் விட வேண்டாம், எடுங்கள் என்றேன். அந்தப் படம் இன்னமும் இருக்கிறது. அதில் நான் யாரையோ அடிக்கப் போகிறவள்போல் இருக்கிறேன்.

சின்னவன் அமலன் யுகேஜி படித்தான். வாய்மொழித் தேர்வில், “வாரத்துல எந்த நாள் லீவு?” என்று கேட்டிருக்கிறார்கள். “புதன்கிழம” என்று சொல்லியிருக்கிறான். மிஸ் சிரித்துவிட்டு, தப்பு என்று போட்டுவிட்டார். அவன் வீட்டுக்கு வந்து கேட்டான். “புதன்கிழமதான அப்பா இருக்காரு? அப்புறம் எப்டிம்மா தப்பு?”

அந்த மார்க் அட்டையில் நான் கையெழுத்துப் போடவில்லை. என் பிள்ளை சரியாகத்தான் சொன்னான்.

என் முதல் கதைகள்

முதல் கடிதம் எழுதியது ஒரு புதன்கிழமை காலையில். அவர் தரையில் உட்கார்ந்து ஜெசிந்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மெஷினில் வேலை செய்கிற கைக்குப் பின்னல் நன்றாக வரும். இழை ஒன்று பிசகாது. பின்னி முடித்து ரிப்பன் கட்டியவர், “ஸ்கூலுக்கு நேரமாச்சு, போ கண்ணு” என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, விரலிடுக்கில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ‘என் மகளுக்குக் காய்ச்சலாக இருப்பதால்’ என்று எழுதினேன். சின்னவனுக்கு வேண்டாம், குட்டிப் பிள்ளைகளுக்கு யாரும் லெட்டர் கேட்பதில்லை.

அன்றைக்கு அவர் இரண்டு பேரையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு டேமுக்குப் போனார். பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, மூன்று பேரும் வாயெல்லாம் மிளகாய்த்தூளோடு வந்தார்கள். அந்த மூஞ்சிகளைப் பார்த்தபிறகு எனக்கு எப்படி நிறுத்த மனசு வரும்?

மாதத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தேன். பிறகு இரண்டு. பிறகு அவள் பரீட்சை இல்லாத புதன்கிழமை எல்லாம். நான் இப்போது எழுதுவதைப் பாராட்டுகிறவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். நான் கதை எழுதிப் பழகியது அந்த லீவு லெட்டர்களில்தான். வாந்தி, பேதி, கண்வலி, மாமா சாவு, மாமாவின் பதினாறாம் நாள்.

பொய் எழுதியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். எழுதியவள் நான். தண்டனை எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். மேஜைக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தவளை விட்டுவிட்டு, கதவுக்கு அந்தப்பக்கம் நின்றவளுக்கு ஏன் கொடுத்தார்கள்?

நாலு மொழி

அவளை எதற்காகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். வரவேற்புக்கு. அந்த வருடம் வரவேற்பை நாலு மொழியில் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருந்தது. தமிழ், இங்கிலீஷ், தெலுங்கு, கன்னடம். எங்கள் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. ஒரு தெருவுக்குள்ளேயே மூன்று பாஷை ஓடும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை மேடையில் நின்று தடுமாறாமல் சொல்லக்கூடிய பிள்ளை இவள்தான் என்று கண்டுபிடித்தது வகுப்பு டீச்சர் கமலா மிஸ்.

தெலுங்கு, தெருவில் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் கற்றுக்கொண்டது. கன்னடம் அப்பாவிடம். அவருடைய மெஷினுக்கு இரண்டு பக்கமும் கர்நாடகா பக்கம் ஆனேக்கல்லிலிருந்து வரும் ஆட்கள். அவர்களோடு பேசிப் பேசி அவருக்குக் கன்னடம் தமிழ் மாதிரி. புதன்கிழமைகளில் டேமுக்குப் போகும் வழியெல்லாம் அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டே கேட்பார், பின்னால் உட்கார்ந்து அவள் பதில் சொல்வாள். அதுதான் அவர்களுடைய விளையாட்டு.

நான் எழுதிய பொய்யால்தான் அவள் கன்னடம் பேசினாள். அந்தக் கன்னடத்துக்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொய்க்காகவே பெயரை எடுத்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. காலையில் பல் தேய்க்கும்போது “நம்ம ஷாலெகெ பந்திருவ எல்லரிகூ நமஸ்கார!” அடுப்படியில் தட்டு எடுத்துவைக்கும்போது “அந்தரிகீ நமஸ்காரம்!” நம் பள்ளிக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம், அவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லும்போது வீட்டுக்கே விருந்தாளி வந்ததுபோல் இருக்கும்.

அழைப்பிதழ்

ஆண்டு விழா எப்போதும் சனிக்கிழமை நடக்கும். அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எல்கேஜியில் அவள் முயல் வேஷம் போட்டது, ஒன்றாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் விழுந்து எழுந்து மூன்றாவதாக வந்தது, எல்லாம் நான் சொல்லிக் கேட்டதுதான்.

அந்த வருடம் அழைப்பிதழ் வந்தது. ரோஜாப்பூ நிற அட்டை. ஜெசிந்தா அதைப் பையிலிருந்து எடுத்தவள் என்னிடம் கொடுக்காமல் கத்தினாள்.

“அம்மா, புதன்கிழம! புதன்கிழமம்மா!”

நான் நம்பாமல் வாங்கிப் பார்த்தேன். புதன்கிழமை மாலை நான்கு மணி என்றுதான் அச்சடித்திருந்தது. காரணம் அதற்குக் கீழேயே இருந்தது. சிறப்பு விருந்தினர் என் கணவருடைய கம்பெனியின் பெரிய மேனேஜர். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஒழிகிற நாள் புதன்தான், கம்பெனி லீவு. அதனால் விழாவையே புதனுக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. சந்தோஷம்தான். யாருக்காக மாற்றினால் என்ன, அவள் அப்பா பார்ப்பார். அவர் கல்யாணச் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்தார். விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கடிதங்கள் விழுந்தது அன்றைக்குத்தான்.

அவர் ரூல்ஸ் என்று சொன்னதும் நான் முதலில் கெஞ்சினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சினேன். “அவங்கப்பாவுக்குப் புதன்கிழமதாங்க லீவு. பிள்ளைங்க அவரப் பாக்கறதே அன்னிக்குத்தாங்க மிஸ். அதான் இப்டி எழுதிட்டன். தப்புதான். இனிமே எழுதமாட்டன்.”

“அதெல்லாம் உங்க வீட்டுப் பிரச்சினை. ஸ்கூல் அதுக்காக நாள மாத்த முடியுமா?”

அப்போதுதான் எனக்கு ஏறியது.

“மாத்தியிருக்கீங்களே! அந்த மேனேஜருக்குப் புதன்கிழம லீவுன்னு விழாவயே மாத்தி வெச்சிருக்கீங்க. அதே கம்பெனிலதான் எங்க ஊட்டுக்காரரும் வேல பாக்கறாரு. அதே லீவுதான் அவருக்கும். எம்பொண்ணு அதுக்காக ஊட்ல இருந்தா மட்டும் தப்பா?”

டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. பெரிய மிஸ் கடிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார்.

“அவரும் நீங்களும் ஒண்ணா?” என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. “உங்க வீட்டுக்காரர் அங்கதான் வேல பாக்கறார், இன்னும் பர்மனென்ட் ஆகலன்னும் கேள்விப்பட்டேன். விழா அன்னைக்கு அந்த சார் முன்னாடி இந்த மாதிரி சத்தம் போட்டீங்கன்னா யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுக்கங்க.”

என்னை அடித்திருந்தால்கூடத் திருப்பி ஏதாவது செய்திருப்பேன். வெளியே வந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரொம்ப இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது, பாதி வழியில் “வலிக்குதும்மா” என்றாள்.

அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், கடைசியில் சொன்ன மிரட்டல் உட்பட. அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“உடு லூர்து. அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார்.

“அடுத்த வருசம் சனிக்கிழம வெப்பாங்க!”

“சத்தம் போடாத. பிள்ள எழுந்துரும்.”

மிரட்டலை நான் அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விழா

போகவே வேண்டாம் என்றேன். “கம்பெனி ஆளுங்க நாலு பேர் வருவாங்க. பெரியவரு வர்ற எடத்துக்கு நாம போகலன்னா நல்லா இருக்காது” என்றார். தவிர, அன்றைக்கு வராத பிள்ளைக்கு அதுவும் லீவாகத்தான் கணக்கு என்று அறிவித்திருந்தார்கள்.

மைதானத்தில் பந்தல் போட்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மூன்றுக்கு வெள்ளைத் துணி உறை. நாங்கள் எட்டாவதோ ஒன்பதாவதோ வரிசை. மற்றப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் ரோஸ் பவுடருமாக மேடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, ஜெசிந்தா யூனிஃபார்மில் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அமலன் அவர் மடியில். மேனேஜர் காரிலிருந்து இறங்கியபோது என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அத்தனை தூரத்தில் மேனேஜருக்கு அவர் தலைகூடத் தெரிந்திருக்காது.

வரவேற்புக்கு வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். பாவம், அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல மாட்டேன். நாலே நாளில் மனப்பாடம் செய்து மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நாலு மொழியும் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மேனேஜர் கன்னடக்காரர். சந்தோஷமாகிவிட்டார். மைக்கைப் பக்கத்தில் இழுத்து அந்தப் பெண்ணிடம் கன்னடத்திலேயே கேட்டார். “பஹள சென்னாகி ஹேளிதெ! நின் ஹெசரேனு?” ரொம்ப நன்றாகச் சொன்னாய், உன் பெயர் என்ன என்று.

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. மனப்பாடத்தில் அது இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில் நின்றிருந்த கமலா மிஸ்ஸைப் பார்த்தாள். மேனேஜர் மறுபடி கேட்டார்.

“நன் ஹெசரு ஜெசிந்தா!”

என் பக்கத்திலிருந்துதான் வந்தது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகிய வாய். கேள்வி வந்தது, பதில் போய்விட்டது. கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்புதான்.

மேனேஜர் கையை நெற்றியில் வைத்து எங்கள் பக்கம் பார்த்தார். “யாரது? ஜெசிந்தா, மேலெ பா, பா!” என்று மேடைக்குக் கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு அடி எடுத்து வைத்தாள்.

என் கணவர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உட்காரவைத்து, அவள் வாயைப் பொத்தினார். பெரிய கை அது. மூக்கிலிருந்து தாடைவரை மூடிவிட்டது. அதற்கு மேலே அவள் கண் இரண்டும் என்னைப் பார்த்தன.

மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய மிஸ் மைக்கை வாங்கி, “அடுத்ததாக எல்கேஜி குழந்தைகளின் நடனம்” என்றார். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போடுகிறவள், சாமியாரையே வாயடைத்தவள். அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பிள்ளையை மேடைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மேனேஜர் பேசினார். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் தமிழ். “புதன்கிழமை ஃபங்ஷன் வெச்சதுக்கு ஸ்கூலுக்கு ரொம்ப தேங்க்ஸ். வாரம் முழுக்க ஃபேக்டரி, ஃபேக்டரி. ஒரு நாள்தான் ஃபேமிலி கூட இருக்கறது. அந்த ஒரு நாள நான் யாருக்கும் குடுக்கமாட்டேன். அதான் என் மிஸஸ், என் பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்.”

முன்வரிசையில் அவர் மனைவியும் இரண்டு பையன்களும் எழுந்து திரும்பிக் கும்பிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் பல நாள் பேசவில்லை. பயந்த மனிதரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது என்று இப்போது தோன்றுகிறது. தோன்றினாலும் கோபம் போகவில்லை. அந்த மேனேஜர் ஐந்தாறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். என் கணவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. மேடைக்குப் போயிருந்தால் ஒரு சாக்லேட் கொடுத்துத் தலையைத் தடவி அனுப்பியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அடுத்த புதன்கிழமை

அடுத்த புதன்கிழமை நான் எழுந்தபோது ஜெசிந்தா குளித்து யூனிஃபார்ம் போட்டு, தானே தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. அவர் எண்ணெய்ப் புட்டியும் சீப்புமாக வந்து நின்றார்.

“இன்னிக்கி டேமுக்குப் போலாமா கண்ணு?”

“ஸ்கூல்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகமறதிக்காரருக்கு ஞாபகப்படுத்துவதுபோல் சொன்னாள்.

நான் நோட்டை எடுத்தேன். “எழுதாதம்மா” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு புதன்கிழமைகூடத் தங்கவில்லை. மறு வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் நிஜமாகவே காய்ச்சல் வந்தது. தொட்டால் சுடுகிறது. அன்றைக்கும் புதன்கிழமை. “படுத்துக்கடி, நான் வந்து மிஸ்கிட்ட சொல்றன்” என்றேன். “புதன்கிழம காய்ச்சல்னா யாரும் நம்பமாட்டாங்கம்மா” என்றாள். போய், வருகைப்பதிவு எடுக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு டெஸ்கில் தலைவைத்துப் படுத்துவிட்டாளாம். கமலா மிஸ் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருட ஆண்டு விழா பழையபடி சனிக்கிழமைக்கே போனது. ஜெசிந்தாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முழு வருகைக்கான பரிசு. எவர்சில்வர் டிபன் டப்பா, மூடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது. கொடுக்கும்போது பெரிய மிஸ் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். பார்த்தாயா, பிள்ளையைத் திருத்திவிட்டேன் என்கிற சிரிப்பு. நான் கைதட்டவில்லை.

அவள் அப்பா அதைப் பார்த்தது நாலு நாள் கழித்து, புதன்கிழமை. காலையில் எழுந்து டீ குடிக்க உட்கார்ந்தவர் அலமாரியில் புது டப்பாவைப் பார்த்து எடுத்தார். மூடியில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினார்.

“நம்ம ஜெசிந்தாவுக்கா? எதுக்குக் குடுத்தாங்க?”

“ஒருநாள்கூட லீவு போடாததுக்கு.”

“ஒருநாள்கூடவா?”

“ஒரு புதன்கிழமகூட.”

அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். காலி டப்பாதான். மூடிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“எங்க அவ?”

“ஸ்கூலுக்குப் போயிட்டா” என்றேன்.